போட்டிப் பத்திரிகைகளில் விழுந்த ஓட்டைகள்

பெருமதிப்பிற்குரிய பதிப்பாளர் அவர்களின் மேலான பார்வைக்கு, நம் பம்புசெட் மாத இதழின் ஆசிரியரும் தங்கள் உடன்பிறந்த தம்பியுமாகிய நான் பணிவுடன் சமர்ப்பிக்கும் அறிக்கை. இங்கு அனைவரும் நலம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். அலுவலகக் கடிதமாயிற்றே என்று கடைசிவரை 'தாங்கள்' போட்டே எழுத உட்கார்ந்தேன். ஆனால் அக்கா, உன்னைத் 'தாங்கள்' என்றால் யாரோ வங்கி மேலாளருக்கு எழுதுவது போல இருக்கிறது. இனி 'நீ'தான்.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஓர் இசைப் பத்திரிகை கொண்டுவரலாம் என்று நீ சொன்ன அன்று, ஆசிரியராக நான் இருக்கிறேன் என்று முதலில் கை தூக்கினேன். நீ சிரித்தாய். "காலம் பூரா பம்புசெட்டப் பத்தி எழுதினவன்டா நீ. நீ எழுதுறத உன் பொண்ணே படிக்க மாட்டா, வேற எவ படிப்பா? போட்டிப் பத்திரிகைய எல்லாம் ஒழுங்கா ஆராய்ச்சி பண்ணிட்டு வா. இல்லன்னா மாப்பிள்ளகிட்ட குடுத்துடுவேன்" என்றாய். உன் மாப்பிள்ளை தங்கமான பிள்ளைதான். ஆனால் அவர் கைக்குப் போனால் பத்திரிகையில் எழுத்தே இருக்காது, படமாகத்தான் இருக்கும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். மகளைப் பற்றி நீ சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

முதலில் அவளையே கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டேன். காதில் மாட்டியிருந்ததில் ஒன்றை மட்டும் கழற்றி, "என்னப்பா?" என்றாள். "பத்திரிகைல நீங்கள்லாம் என்னம்மா படிப்பீங்க?" என்றேன். "படிக்கிறதா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். பேட்டி முடிந்தது. சரி, நன்றாக விற்கிற மூன்று பத்திரிகைகளை நாமே வாங்கிப் பார்ப்போம் என்று கடைக்குப் போனால், கடைக்காரர் என் நரைத்த மீசையையும் அட்டையில் நாக்கை நீட்டிக்கொண்டிருந்த பாடகியையும் மாறி மாறிப் பார்த்து, "பொண்ணுக்கா சார்?" என்றார், பொய் சொல்வானேன் என்று "எனக்குத்தான்" என்றேன், பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பில் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வீடு வந்து சேர்ந்து, மூன்றையும் அட்டை முதல் அட்டைவரை படித்தும் ஒன்றும் மண்டையில் ஏறாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் பொறி தட்டியது. பிள்ளைகள் எதை வாங்குகிறார்கள் என்பதில் என்ன இருக்கிறது? எதை வைத்துக்கொண்டு எதைத் தூக்கிப் போடுகிறார்கள் என்றல்லவா பார்க்க வேண்டும்! நேரே பழைய பேப்பர் கடைக்குப் போனேன்.

"போட வந்தீங்களா, வாங்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"சும்மா பாக்கணும்."

"சும்மா பாக்குறதுன்னா ஓரமா உக்காந்து பாருங்க. தராசுல உக்காராதீங்க."

சாக்குமூட்டை மேல் உட்கார்ந்தேன். ஒரு கட்டு சரிந்து தோளில் விழுந்தது. அதைப் பிரித்தால், அக்கா, அத்தனையும் நான் வாங்கிய அதே மூன்று பத்திரிகைகள், அதே மாத இதழ்கள். பிரதிக்குப் பிரதி, ஏதோ ஒரு பக்கத்தில் கத்தரியால் வெட்டிய ஓட்டை! பிடித்ததைத்தானே வெட்டி வைத்துக்கொள்வார்கள்? கட்டோடு வீட்டுக்குத் தூக்கிவந்து, என்னிடம் இருந்த முழுப் பிரதிகளோடு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒப்பிட்டேன். முதல் பத்திரிகையில் காணாமல் போனது, கிட்டார் கம்பி துருப்பிடிக்காமல் காப்பது எப்படி என்ற குறிப்பு. இரண்டாவதில், மழைக்காலத்தில் டிரம் பராமரிப்பு. மூன்றாவதில் காது டாக்டரின் கேள்வி பதில். அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் எல்லாம் கண்ணை மறைக்க முடி வளர்த்த பையன்களை வைத்து ஏதோ தலைமுடி விளம்பரம், அதை விடு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு பொறுப்பாக இருக்கிறார்கள் பார்த்தாயா? நாம்தான் அநியாயமாகப் பழி சொல்கிறோம்.

துருவைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் உண்டா? மளமளவென்று மாதிரி இதழைத் தயார் செய்துவிட்டேன். முகப்புக் கட்டுரை துரு. நடுப்பக்கம், கம்பி ஏன் அடிக்கடி சுருதி இறங்குகிறது என்பது. பிறகு ஈரப்பதம், ஆணி, மரை, காதுக் குறும்பி. பாடகர் படம் ஒன்றுகூட இல்லை. இத்துடன் இணைத்திருக்கிறேன். யோசிக்காமல் அச்சுக்குக் கொடுத்துவிடு, போட்டிக்காரர்கள் வாயடைத்துப் போவார்கள்.

உன் முழங்கால் மாடிப்படிகளை மதிக்காமல் ஏறி இறங்கட்டும். மாப்பிள்ளைக்கு வேறு நல்ல வேலைகள் வந்து குவியட்டும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
இசைப் பத்திரிகையின் ஆசிரியர் (உன் தம்பி)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் பசை கேட்டு வந்தாள். மாதிரி இதழைப் புரட்டி, "என்னப்பா, ஃபுல்லா துருவா இருக்கு?" என்றாள். ஓட்டை ஆராய்ச்சியை விளக்கினேன். முழுப் பிரதியை எடுத்துப் பின்பக்கம் திருப்பிக் காட்டினாள். "அப்பா, இது முடி விளம்பரம் இல்ல. இவங்கதான் இப்ப எல்லாரும் கேக்குற பேண்ட். வெட்டுனது இந்தப் பக்கத்துக்காகப்பா." நல்ல படத்துக்குப் பின்னால் யாரும் படிக்காததைப் போடுவது எல்லா ஆசிரியரும் செய்வதுதானே. பெரிய மோட்டார் படத்துக்குப் பின்னால் நானே தலையங்கம் போட்டிருக்கிறேன். அச்சகத்திலேயே வளர்ந்தவனுக்குக் காகிதத்தில் இரண்டு பக்கம் உண்டு என்பது மறந்துபோயிற்று அக்கா. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. பத்திரிகையை மாப்பிள்ளையிடமே கொடுத்துவிடு. எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு பின்குறிப்பு: மாதிரி இதழை உறைக்குள் வைக்க எடுத்தால் நடுப்பக்கத்தில் ஓர் ஓட்டை. மகள் அறைக்குப் போய்ப் பார்த்தேன். நான் எழுதிய சுருதிக் கட்டுரையைக் கிட்டாருக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே கம்பியை முறுக்கும் ஆணியைத் திருகிக்கொண்டிருக்கிறாள். அவள் கிட்டாரில் ஒரு கம்பி சுருதியில் நிற்கவே மாட்டேன் என்கிறதாம். இத்தனை நாள் எனக்குத் தெரியாது. ஓடிவந்து மீதி நடுப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவசரத்தில் மாதிரி இதழை ஒரு பக்கம் மட்டும்தான் அச்சடித்திருக்கிறேன். பின்னால் ஒன்றுமே இல்லை அக்கா, வெறும் வெள்ளைத் தாள். மாப்பிள்ளையிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே.