என்னைத் தெரிகிறதா?

பரீட்சை வைப்பவர் என்றதும் பள்ளிக்கூட வாத்தியாரை நினைத்துவிடாதீர்கள். தெருவில் ஞாபகம் தப்பிய பெரியவர் ஒருவர் இருந்தால் போதும், இரண்டு சாத்துக்குடியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, நாற்காலியை அவர் மூக்குக்கு நேரே இழுத்துப் போட்டு, "என்னைத் தெரியுதா? யாரு, சொல்லுங்க பாப்போம்!" என்று ஆரம்பிக்கிறாரே, அவரைத்தான் சொல்கிறோம்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் பவுலின் என்பவள் வீட்டுக்கு இவர்கள் வராத நாள் இல்லை. அவள் மாமனார் ஆரோக்கியசாமி கோலார் தங்கச் சுரங்க வாசலில் காவல் நின்று ஓய்வு பெற்றவர். இப்போது அவருக்குப் பெயர்களெல்லாம் நழுவிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு லட்சுமம்மா, "நானு யாரு ஹேளி, அஜ்ஜா?" என்பாள். பிரேசர் டவுன் கறிக்கடை பாய், "மேரேகு பெஹ்சானே க்யா?" என்பார். பாஷைதான் வேறு, கேள்வி ஒன்றே. இது ஏன் வந்தது என்ற தீர்ப்போ ஆளுக்கொன்று. லட்சுமம்மாவுக்கு அது கண்ணேறு, பாய்க்கு மூளைச்சூடு, சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளைக்கு விட்டுப்போன ஜெபமாலை. வயதானால் மூளையும் தேயும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் யாரும் ஏற்கவில்லை. அதில் என்ன சுவாரசியம்?

இவர்களுக்கெல்லாம் தலைவர், ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க் வெங்கடகிருஷ்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், கேட்டார். பெரியவர் முகம் கடுகடுத்தது. சுரங்க வாசலில் பெயர் சொல்லாமல் நிற்பவன் யார்? தங்கக்கல் திருடன்!

"பேரச் சொல்லாம நிக்கிறியா? துண்ட ஒதறுடா! இடுப்பக் காட்டு!"

ஹெட்கிளார்க் உதறினார். வேறு வழி? பவுலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிரித்தது தப்பாகப் போயிற்று. மனிதர் நேரே அவள் கணவன் தாஸிடம் போய், "முத்திப்போச்சுப்பா. பைத்தியக்கார ஆஸ்பத்திரில சேத்துடு" என்று ஓதிவிட்டார்.

"நானும் ஒரு தடவ கேட்டுப் பாக்கறேன்" என்றான் தாஸ். "என்னையே தெரியலன்னா நாளைக்கே கொண்டுபோய் வுட்டுடறேன்."

தாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அப்பா, நான் யாரு?"

பெரியவர் விழித்தார். மருமகளைப் பார்த்தார்.

"பெத்த அப்பன்கிட்ட பேரச் சொல்றதுக்கு உங்களுக்கு என்னங்க கஞ்சத்தனம்?" பவுலின் வெடித்தாள். "கேட்ல காவல் நிக்கிறவருக்குப் பேரச் சொல்லுங்க!"

தாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "தாஸுப்பா. உங்க பையன்."

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" பெரியவர் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டார். "ஷிஃப்டு முடிஞ்சுதா? சாப்ட்டியாடா?"

தாஸ் அழுதுவிட்டான். ஆஸ்பத்திரிப் பேச்சு அன்றோடு சரி.

நீங்கள் அந்த ரகமில்லையா? ரொம்ப சந்தோஷம். ஆனால் உங்கள் பெரியப்பா உங்களை ஒரு நாள் வெறித்துப் பார்ப்பார். அப்போது "நான் இன்னார் மகன்" என்று நீங்களாகவே முந்திக்கொண்டு சொல்லுங்கள், பார்க்கலாம்.