பின்னணியில் புர்மாகான்

“அப்பா, பின்னாடி நிக்கிறவங்கல்லாம் ஏன் கரைஞ்சு போயிருக்காங்க?”

சூயுன்பெக்கின் மகள் ஐந்து வயதில் ஒருமுறை கேட்ட கேள்வி இது. அவன் அப்போது கணினித் திரையில் ஒரு மணப்பெண்ணின் இமைமயிர்களை எண்ணி மகிழ்ந்துகொண்டிருந்தான். “அதுதாம்மா இந்தக் கேமராவோட பெருமையே,” என்று சொல்லி, அவளை விளையாட அனுப்பிவிட்டான்.

எட்டு வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில், அந்தப் பெருமை அவனைத் தேடிப் போட்டோக் கடைக்கே வந்துவிட்டது. புர்மாகானின் மகள் கென்ஜெகுல் எதிரே உட்கார்ந்திருந்தாள். மாஸ்கோவிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

“வர்ற வெள்ளிக்கிழமையோட அம்மா போய் வருஷம் ஆகுதுண்ணே. அன்னைக்குக் கல்லறையில கல்லு வைக்கணும். கல்லுல முகம் வேணும். என்கிட்ட ஒரு படம் இல்ல.”

“தினம் போன்ல பேசினியே?”

“வீடியோவுலதான் பேசினேன். அம்மா போனை எப்பவும் காதுல வச்சுக்கும். ஏழு வருஷமா எங்கம்மாவோட காதைத்தான் பார்த்திருக்கேன். காது போதும்னா நானே வரைஞ்சு குடுத்துடுவேன்.”

“அடையாள அட்டை?”

“செத்தவுடனே ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்க. திருப்பிக் கேட்டா, செத்தவங்களே நேர்ல வரணும்ங்கற மாதிரி பாக்கறாங்க.”

சூயுன்பெக் நெஞ்சில் கை வைத்தான். “நீ கவலைப்படாதே. நம்ம ஊரு கொச்கோர்ல எட்டு வருஷமா நடந்த அத்தனை கல்யாணமும் என்கிட்ட இருக்கு. உங்கம்மா டீ ஊத்தாத கல்யாணம் உண்டா? நாளைக்கு வா.”

அவன் பொய் சொல்லவில்லை. புர்மாகான் ஊரிலிருந்த ஒரே கல்யாண மண்டபத்தில் டீ ஊற்றியவள். அவனோ ஒரு பெண்குதிரையையும் இரண்டு பசுக்களையும் விற்று அந்தக் கேமராவை வாங்கியவன். ஃபுல் ஃபிரேம் என்னும் பெரிய வகைக் கேமராக்களில் விலை குறைந்தது அதுதான் என்றாலும், பெரிய கேமராவின் கண் அதற்கு இருந்தது. ஒற்றை விளக்கு எரியும் கம்பளிக் கூடாரத்துக்குள்ளும், மற்றவர்களுடைய கேமராக்களுக்குக் கரி மட்டுமே தெரிந்த இடத்தில், அதற்கு மனிதர்களின் முகம் தெரியும். முன்னால் நிற்பவரின் தோலில் ரத்தம் ஓடுவது தெரியும். பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெய்போல உருகிவிடும்.

அதன் குறைகளை அவன் யாரிடமும் சொல்வதில்லை. முகத்தைத் தெளிவாகக் குறிபார்க்க அதற்குப் பதினோரு புள்ளிகள் இருந்தன. அவற்றில் நடுப்புள்ளியைத் தவிர மற்றவை மங்கல் வெளிச்சத்தில், குடித்தவன் தன் வீட்டுக் கதவைத் தேடுவதுபோல அலையும். அதனால் நடுவில் நிற்பவர்தான் அதற்கு மனிதர். இன்னொரு குறை, படம் பதியும் கார்டு போட ஒரே ஒரு இடம். அந்தக் கார்டு செத்தால் படமெல்லாம் செத்த மாதிரிதான்.

அன்று முழுக்கத் தேடினான். முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களில் புர்மாகான் இருந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டிலும் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால், கையில் கெண்டியுடன், வெள்ளை முக்காடு போட்ட ஒரு நீராவியாக இருந்தாள்.

படைத்தவனின் பார்வையில் பின்னணி என்று ஒன்று கிடையாது. இது சூயுன்பெக்குக்குத் தெரியாததல்ல. கேமராவுக்குத்தான் தெரியாது. எட்டு வருஷமாக அவனும் கேமரா வழியாகவே பார்த்து வந்திருந்தான்.

இருந்ததில் தேறிய ஒன்றை அச்செடுத்துக்கொண்டு, கல்லில் முகம் பொறிக்கும் ஜொலோச்சுவிடம் போனான். கறுப்புக் கல்லில் ஊசிமுனையால் புள்ளி புள்ளியாகக் குத்தி முகம் கொண்டுவருகிறவர் அவர். இமையெல்லாம் கல் தூசு. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

“புர்மாகான் அக்கா படம். இதை வச்சு ஏதாவது செய்ய முடியுமாண்ணே?”

ஜொலோச்சு படத்தைப் பார்த்தார். தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அரைக்கும் எந்திரத்தைப் போட்டார்.

கென்ஜெகுல் ஏற்கெனவே அவரைப் பார்த்திருந்தாள். “‘கல்லு இருக்கு, வெள்ளிக்கிழமை எடுத்துக்கோ’ன்னாருண்ணே. முன்பணம் குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டார். படம் இல்லாம வேலையே ஆரம்பிக்க மாட்டார்போல.”

அடுத்து, மங்கலான முகத்தைத் தெளிவாக்கித் தரும் ஒரு செயலியில் படத்தைப் போட்டான். அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு முத்துப்போன்ற பல்வரிசையுடன், நாற்பது வயதில் ஒரு பெண்ணைக் கொடுத்தது.

கென்ஜெகுல் திரையை உற்றுப் பார்த்தாள். “யாருண்ணே இது? செய்தி வாசிக்கிறவங்களா?”

“கொஞ்சம் உங்கம்மா சாயல் இருக்கு பாரு. முக்காடு…”

“முக்காடு எங்கம்மாவோடதுதான். அதுக்குள்ள யாரோ புகுந்துட்டாங்க.” அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பினாள். “எங்கம்மாவுக்கு ரெண்டு தங்கப் பல்லுண்ணே. இவங்க முன்னாடி நின்னு நான் எப்படி துவா கேட்பேன்?”

அப்போதுதான் சூயுன்பெக்குக்கு புர்மாகானின் தங்கை துர்சுனின் நினைவு வந்தது. அக்கா தங்கை இருவருக்கும் ஒரே முகம். மச்சம் ஒன்றுதான் வித்தியாசம், அதை அழித்துவிடலாம்.

துர்சுன் முதலில் கதவைச் சாத்தினாள். பிறகு திறந்தாள். “உயிரோட இருக்கறப்பவே என்னைக் கல்லுல ஏத்தப் பாக்கறியா?”

“முகம் மட்டும்தான்க்கா. பேரு அவங்களுது.”

“பேரு அவளோடது, மூஞ்சி என்னோடது. மேல போனா கணக்குக் கேக்கற மலக்குகள் நான்னு நினைச்சு அவளைக் கேட்கவா? அவ பாவம் கம்மி. எனக்கு லாபந்தான்.”

அக்காவின் மகளுக்காக ஒப்புக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார வைத்தான். நடுப்புள்ளி அவள் கண்மணியைக் கவ்வியது. அந்தக் கேமரா அதுவரை எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். அச்செடுத்த படத்தைத் துர்சுனிடம் காட்டினான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். “இதைக் குடுக்க மாட்டேன்.”

“அக்கா…”

“அறுபது வருஷத்துல இப்படி ஒரு படம் எனக்கு வாய்ச்சதில்ல. இது என் கல்லுக்கு. அவளுக்கு வேற எடு.”

வேறு எடுக்க நாள் இல்லை. இன்னொரு பிரதியை அவளுக்குத் தெரியாமல் அச்செடுத்து, மச்சத்தை அழிக்கவும் மறந்து, கல் பட்டறைக்கு ஓடினான். ஜொலோச்சு மதியத் தொழுகைக்குப் போயிருந்தார். படத்தின் பின்னால் ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்று எழுதி, பலகைமேல் வைத்து, பறக்காமலிருக்க ஒரு கல் சில்லைத் தூக்கி வைத்துவிட்டு வந்தான்.

மறுநாள் புதன்கிழமை. துர்சுன் நூடுல்ஸுக்கு மாவு வெட்டிக்கொண்டிருந்தாள். வெளியே இரண்டு கார்கள் நின்றன. அவற்றிலிருந்து இறங்கிய வெளியூர்ச் சொந்தக்கார ஆண்கள், எங்கள் பக்க வழக்கப்படி, வாசல் தெரியும் தூரத்திலிருந்தே ஓலமிட்டபடி நடந்து வந்தார்கள்.

“என் உயிரான அக்காவே! உன்னைப் பாக்காமப் போயிட்டனே!”

ஓலம் கேட்டால் யாருக்கென்று விசாரிக்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. முதலில் அழ வேண்டும். துர்சுனின் கணவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அதன்மேல் சாய்ந்து அழ ஆரம்பித்தார். துர்சுன் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். குரல் நல்ல குரல். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். பத்து நிமிஷம் அருமையாக நடந்தது.

மூச்சு வாங்குகிற இடைவெளியில் துர்சுன் உள்ளே வந்தவர்களில் மூத்தவனைத் தொட்டாள். “யாருப்பா போனது?”

அவன் நிமிர்ந்தான். அப்படியே நின்றான். “நீங்கதான்க்கா.”

பக்கத்து வீட்டுப் பெண்களின் ஒப்பாரி பாதியில் அறுந்தது. வாசலில் அவள் கணவர் மட்டும், உள்ளே நடந்தது தெரியாமல், இன்னும் அழுதுகொண்டிருந்தார்.

“ஒரு ஆடு கொண்டு வந்தோம்க்கா,” என்றான் அவன் தயங்கி. “என்ன பண்றது?”

துர்சுன் எழுந்து போய் ஆட்டைப் பார்த்தாள். “எனக்கு இவ்வளவு சின்ன ஆடா?”

சேதி எங்கிருந்து கிளம்பியது என்று விசாரித்தார்கள். பள்ளிவாசலிலிருந்து என்றார்கள். பள்ளிவாசலுக்கு அது கல் பட்டறையிலிருந்து வந்தது என்றார்கள். அன்று சாயங்காலமே துர்சுன் கடைவாசலில் நின்றாள்.

“என் மூஞ்சி அந்தக் கல்லுல இருந்துச்சுன்னா, சூயுன்பெக், நிஜமாவே செத்துக் காட்டுவேன். அப்புறம் வந்தவங்களுக்கெல்லாம் நீதான் சோறு போடணும்.”

வியாழக்கிழமை, வேறு வழியில்லாமல், சூயுன்பெக் கென்ஜெகுல் வீட்டுக்குப் போனான். நாளைய விருந்துக்காக அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவன் உட்காரவில்லை.

“உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். மூணு வருஷம் முன்னாடி, ஒரு கல்யாணம் முடிஞ்சு நான் மூட்டை கட்டறப்போ, உங்கம்மா வந்து ‘தம்பி, என்னையும் ஒண்ணு எடேன், பொண்ணுக்கு அனுப்பணும்’னாங்க. முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டு நின்னாங்க. நடுவுல வச்சு எடுத்தேன். நல்லா வந்துச்சு.”

அவள் கை நின்றது.

“அன்னைக்கு ராத்திரி கார்டு செத்துப்போச்சு. கல்யாண வீட்டுக்காரங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டேன். உங்கம்மாகிட்ட கேட்கல. டீ ஊத்தற அம்மாதானேன்னு இருந்துட்டேன். அவங்களும் படம் எங்கேன்னு கேட்கவே இல்ல. பாக்கறப்பல்லாம் எனக்குத்தான் முதல் கிண்ணம் ஊத்தினாங்க.”

கென்ஜெகுல் மாவை ஒரு பக்கம் தள்ளினாள். “எனக்கு அனுப்பணும்னு சொல்லிச்சா?”

“ஆமா.”

“அப்போ காதுல வச்சுக்கிட்டாலும், முகத்தைக் காட்டணும்னு ஆசை இருந்திருக்கு.” கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். நெற்றியில் மாவு ஒட்டியது. “போங்கண்ணே. முகம் வேண்டாம். பேரும் வருஷமும் போதும்னு சொல்லிடுங்க.”

பட்டறைக்குப் போய்ச் சொன்னான். ஜொலோச்சு அதற்குள் கல்லைச் சாக்கில் சுற்றி, கயிறு கட்டி, வண்டியில் ஏற்றுவதற்குத் தயாராக வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை இடுகாட்டில் காற்று பலமாக இருந்தது. பள்ளிவாசல் மொல்தோ துவா ஓதி முடித்தார். எல்லோரும் உள்ளங்கைகளை முகத்தில் தடவிக்கொண்டார்கள். ஜொலோச்சு கயிற்றை அறுத்தார். சாக்கு விழுந்தது.

கல்லில் புர்மாகான் இருந்தாள்.

எதிரே இருப்பவரின் கிண்ணம் காலியா என்று பார்க்க அவள் தலையை ஒரு பக்கம் சாய்ப்பாளே, அந்தச் சாய்வு. சிரிப்பு வருமுன் உதடு பிரியுமே, அந்தப் பிரிவு. அதற்குள் பக்கத்துக்கொன்றாய் இரண்டு பற்கள் மட்டும் மற்றவற்றைவிட வெளிச்சமாக இருந்தன. கென்ஜெகுல் மண்டியிட்டு, கன்னத்தைக் கல்லில் வைத்தாள். துர்சுன் இந்த முறை யாருக்கு என்று தெரிந்தே அழுதாள்.

எழுந்ததும் கென்ஜெகுல் சூயுன்பெக்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க கேமராவுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுசு குடுக்கட்டும்ணே.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டம் விருந்துக்குக் கலைந்த பிறகு, சாக்கை மடித்துக்கொண்டிருந்த ஜொலோச்சுவின் பக்கத்தில் போய் நின்றான்.

“அண்ணே, துர்சுன் அக்கா படத்தை வச்சா செஞ்சீங்க?”

“அந்தப் படத்தைப் பாத்துட்டு அந்தம்மாவும் போயிட்டாங்கன்னு நினைச்சேன். பள்ளிவாசல்ல நான்தான் சொன்னேன். தப்பாப் போச்சு.”

“அப்போ எந்தப் படம்? ஒரே ராத்திரியில எப்படி முடிச்சீங்க?”

ஜொலோச்சு மடித்த சாக்கை அக்குளில் வைத்துக்கொண்டார். இடுகாட்டில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

“என் வீட்டுக்காரி படுத்த படுக்கையா இருந்த ரெண்டு வருஷமும் தினம் வாசல்ல சூப்பு வச்சிட்டுப் போன அம்மாய்யா அது, இந்தக் கல்லை நான் போன பனிக்காலத்துலயே முடிச்சிட்டேன், நீங்கதான் படம் படமாக் கொண்டு வந்துக்கிட்டே இருந்தீங்க.”