இண்டிஸ்பென்சபிள் மாமியார்

திருத்தணி வக்கீல் குமாஸ்தா கண்ணையன் ஒருநாள் காலையில் பல்விளக்கும்போதே சபதம் எடுத்துவிட்டான். இனி நாளுக்கு ஒரு பெரிய இங்கிலீஷ் வார்த்தை. சின்ன வார்த்தையெல்லாம் ரயிலடிப் போர்ட்டருக்கே தெரியும். கண்ணையனுக்கு வேண்டியது, கேட்கிறவனுக்கு மூச்சு வாங்குகிற மாதிரி வார்த்தை.

காரணம் இருந்தது. மனுவெல்லாம் வக்கீல் எழுதுவார்; கண்ணையன் நகல் எடுப்பான். என்றைக்காவது ஒரு மனுவைத் தன் சொந்த இங்கிலீஷில் எழுதிவிட வேண்டும் என்பது அவனுக்குப் பசி மாதிரி. வக்கீல் கழித்துப் போட்ட அகராதி ஒன்று கிடைத்தது. அதில் ‘ஐ’ எழுத்துப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. போகட்டும், கரையானும் நாலு வார்த்தை படிக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

வார்த்தையை வாக்கியத்தில் வைத்துப் பேசினால்தான் நாக்கில் ஒட்டும். கட்சிக்காரர்களிடம் பேசினால் பயந்துபோய் வேறு வக்கீலைப் பார்ப்பார்கள். மிச்சம் இருந்தது பெண்டாட்டி சுலோச்சனா.

“இன்னைக்கு உன் ரசம் ஆம்பிகுவஸ்.”

“எந்த அம்பிக்கு பஸ்ஸு, பாவா?”

“பஸ் இல்லேடி! புளிப்பா காரமான்னே தெரியலேன்னு அர்த்தம்.”

“அதைத் தமிழ்லே சொன்னா ஒரு கல்லு உப்பு போட்டிருப்பேனே.”

மறுநாள், அவள் கஞ்சத்தனத்தைச் சொல்ல, “எண்ணெய் ஊத்தறதுலே நீ பார்சிமோனியஸ்” என்றான்.

“ஆர்மோனியமா? நம்ம வீட்டுலே யாரு பாடறது?”

சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். ஆனால் அவன் போனபிறகு, மாவு ஆட்டும்போது, அந்த வார்த்தையை உதட்டில் வைத்து ஒருமுறை உருட்டிப் பார்ப்பாள். ஊரில் வேறு யாரும் அவன் வார்த்தையை அப்படி வாங்கிக்கொண்டதில்லை. கண்ணையன் அதைக் கவனிக்கவில்லை. பேசுகிறவனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. ஒருநாள் சாப்பாட்டு நடுவில் சுலோச்சனா ஆரம்பித்தாள்.

“பாவா, கிருத்திகைக்கு அம்மா வருது.”

“வரட்டுமே. முருகன் எல்லாருக்கும் பொதுதானே.”

“வந்தா திரும்பிப் போவ வேணாம். பொதட்டூர்பேட்டையிலே அண்ணன் வீட்டுலே ரெண்டு தறிக்கு நடுவுலே பாயைப் போட்டுகினு கெடக்குது. எந்நேரமும் லொடக்கு லொடக்குனு அடிச்சுகினே கீது. நிம்மதியா கண்ணை மூடி வருஷமாச்சாம். நம்மகூடவே இருக்கட்டும்.”

கண்ணையன் பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்தான். மாமியார் கெங்கம்மாள் நல்லவள்தான். வாய்க்குத்தான் ஓய்வே கிடையாது. இருப்பதோ ஒரு அறை, ஒரு கூடம். அகராதியைத் திறந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை அத்தனையும் அவிழ்ப்பாள். வேண்டாம் என்று தமிழில் சொல்லவும் முடியவில்லை. அவள் அவனுக்குத் தாய்மாமன் பெண்டாட்டி; சின்ன வயசில் அவள் கையால் தின்ற சோறு கொஞ்சமல்ல. தமிழில் சொன்னால் அந்தச் சோறு தொண்டையில் வந்து நிற்கும். இங்கிலீஷில் சொன்னால் நிற்காது.

எப்போதோ கோர்ட்டில் காதில் விழுந்த வார்த்தை ஒன்று கைகொடுத்தது. ‘ஐ’யில் தொடங்குகிற வார்த்தை, அர்த்தம் கரையான் வயிற்றில். அவனே பிரித்துப் பார்த்தான். இன் என்றால் உள்ளே. டிஸ்பென்ஸ் என்றால் டிஸ்பென்சரி. ஏபிள் என்றால் தகுந்த. ஆக, டிஸ்பென்சரிக்குள்ளே போடத் தகுந்த ஆள். வீட்டுக்கு ஆகாது.

முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னான்: “உங்கம்மா இந்த வீட்டுக்கு இண்டிஸ்பென்சபிள்.”

“அப்டின்னா? வரச் சொல்லட்டுமா, வேணாமா?”

“பதிலு வார்த்தையிலேயே கீது.”

சுலோச்சனா நிறைகுடத்தைத் தளும்பாமல் தூக்கிப் போகிற மாதிரி அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

இரண்டு நாள் கழித்து, கட்சிக்காரர்கள் நாலுபேர் பார்த்துக்கொண்டிருக்க, வக்கீல் கண்ணையனைக் கூப்பிட்டார்.

“நேத்து உன் சம்சாரம் என் வீட்டுக்கு வந்துச்சு. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுச்சு. இவங்க இல்லேன்னா எங்க குடும்பமே நடக்காதுன்னு மாமியாரைச் சொன்ன மாப்பிள்ளையை நான் இன்னைக்குத்தான்யா பாக்கறேன்! இண்டிஸ்பென்சபிள்! எவ்வளவு பொருத்தமான வார்த்தை!”

கண்ணையன் வாயைத் திறந்தான்.

“இவ்வளவு இங்கிலீஷை வெச்சுகினு நகல் எடுத்துகினு கீறியே. நாளையிலேர்ந்து சின்ன மனுவெல்லாம் நீயே எழுதிடு” என்றார் வக்கீல்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. தப்பு என்றால் மனு போச்சு. சரி என்றால் மாமியார் வந்தாச்சு.

“ஆங், யோசிச்சுத்தாங்க சொன்னேன்” என்றான்.

வீட்டுக்கு வந்தால், அதற்குள் கூடத்தில் மாமியாரின் தகரப் பெட்டி. பக்கத்தில் பாய் விரித்து, பட்டப்பகலில் கெங்கம்மாள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பெண்டாட்டியை அடுப்படியில் மடக்கினான்.

“சுலோச்சனா, நான் சொன்னது வேறடி.”

“தெரியும், பாவா. நீங்க சொல்லச் சொல்ல மூஞ்சியைப் பாத்துகினுதானே இருந்தேன். மூஞ்சி வேணாம்னுச்சு. வக்கீலய்யா சொன்ன அர்த்தம் வேணும்னுச்சு. ரெண்டுலே எது படிச்சதோ அதை நம்பிட்டேன்.”

“மூஞ்சியே போதுமே, அப்புறம் எதுக்கு வக்கீலுகிட்டே போனே?”

“எனக்குத் தெரிஞ்சா போதுமா? உங்களுக்கும் அர்த்தம் தெரிய வேணாமா?”

கண்ணையன் கூடத்துக்கு வந்தான். கெங்கம்மாள் கன்னத்துக்குக் கை கொடுத்து, குழந்தை மாதிரி வாய் திறந்து தூங்கினாள். தறிச் சத்தம் இல்லாத தூக்கம். அகராதியை எடுத்து மடியில் வைத்தவன், தாள் சரசரக்குமே என்று பக்கத்தைப் புரட்டாமலே உட்கார்ந்திருந்தான். அவளைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தான். வந்ததென்னவோ உண்மைதான் என்று தோன்றியது. மனசு லேசானது.

வெயில் தாழ்ந்ததும் கெங்கம்மாள் எழுந்தாள். மருமகனைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

“வா அத்தே” என்றான் கண்ணையன், நிஜமாகவே.

“சுலோச்சனா சொல்லிச்சு மாப்ளே. எவ்ளோ பெரிய வார்த்தை!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அரக்கோணத்துலே என் தங்கச்சி தனியா கெடக்குது, பாவம். அதுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”