நான் அடித்த அபூர்வக் காசு

மாடிவீட்டுப் பல் டாக்டரை ஒழித்துக்கட்டுவது என்று தீர்மானித்துவிட்டேன். பதற வேண்டாம், ஆளை அல்ல. என் வீட்டில் அவருக்கு இருக்கும் மரியாதையைத்தான்.

என் மனைவி மருந்துக்கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறாள். கோணல்மாணலாக வரும் சில்லறையைக் கண்டால் விடமாட்டாள். தன் காசைக் கல்லாவில் போட்டுவிட்டு அதை எடுத்து வந்துவிடுவாள். அச்சடிக்கும்போதே பிழையாகிப்போன காசு அபூர்வமாம். பிறகு யாராவது நசுக்கியது வெறும் தகரமாம். இரண்டையும் பிரித்தறிவதுதான் வித்தை. அதற்கு டாக்டரின் பூதக்கண்ணாடி வேண்டுமென்று ஞாயிறுதோறும் மத்தியானம் மாடிக்குப் போய்விடுவாள்.

போகட்டும். ஆனால் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது. காசில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? என் நகைச்சுவைக்கு அவள் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. டாக்டருக்கோ பல்லெல்லாம் வரிசை தப்பாமல் பளீரென்று இருக்கும். கல்யாணமும் ஆகவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்?

நான் லேத் பட்டறையில் ஃபோர்மேன். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் என் கைக்கு அடங்கிய மிருகம். செல்லாத பழைய காசு இரண்டை முகத்தோடு முகம் வைத்து அதன் வாயில் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினேன். ஒன்றின் எழுத்து இன்னொன்றின் மேல் திரும்பிப் பதிந்தது. பார்க்க அபாரமாக இருந்தது. அதை அவள் காசு சேர்க்கும் டப்பாவில் போட்டுவிட்டு நல்லபிள்ளையாக இருந்தேன். டாக்டர் அதை அசல் என்பார். நான் குட்டை உடைப்பேன். அத்தோடு அவர் கதை முடிந்தது.

ஞாயிறு மாலை மனைவி இறங்கி வந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றேன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அசல் அச்சுப்பிழைன்னாரு. ரொம்ப அபூர்வமாம்."

இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தேன். எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, அது பட்டறையில் என் கையால் செய்த போலி என்று அறிவித்தேன். உன் டாக்டரின் லட்சணம் இவ்வளவுதான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் முகம் வாடவில்லை.

"தெரியுமே. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. எழுத்து திரும்பி விழறது அச்சடிக்கிற இடத்துலயும் நடக்கும். ஆனா அப்படி விழுந்தா அதுக்கடியில வேற எழுத்து இருக்காது. இதுல பழைய எழுத்து நசுங்கி அப்படியே கிடக்கு. பின்பக்கம் வைஸோட பல்லு வேற பதிஞ்சிருக்கு. பல் டாக்டரு, அதையே கோட்டை விட்டுட்டாரு. எடுத்துச் சொன்னதும் வெட்கப்பட்டுச் சிரிச்சுட்டாரு."

"யாரு எடுத்துச் சொன்னது?"

"நான்தான். வேற யாரு? அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பூதக்கண்ணாடி மட்டும்தான் அவரோடது. நான்தானே இத்தனை நாளா சொல்லிக்கொடுக்கறேன்."

எனக்கு உட்காரவேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தேன். டாக்டர் மட்டம் தட்டப்பட்டதில் ஒரு நிம்மதி. இத்தனை நாள் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேனே என்பதில் ஓர் எரிச்சல். இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று புரியவில்லை. அதற்குள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, உங்க கைவேலை எவ்வளவு சுத்தம். படிச்ச மனுஷனே ஏமாந்துட்டாரே. அவர் பழகறதுக்கு இந்த மாதிரி நசுங்கின காசுதான் கிடைக்க மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் பண்ணிக் கொடுங்களேன்."

அவள் என்னைப் பாராட்டி வெகுகாலமாகிவிட்டது. உச்சி குளிர்ந்துபோனது. அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் சாப்பாட்டு வேளையிலும் முறுக்கினேன். சிலதை அரத்தால் ராவினேன். சிலதைச் சூடுகாட்டி வளைத்தேன். கட்டைவிரலில் கொப்புளம். டப்பாவை நிரப்பி, அவளை நானே மாடிப்படி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

மறுபடியும் சிரிப்புச் சத்தம். இந்தத் தடவை கைதட்டலும் கேட்டது.

இறங்கி வந்தவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒண்ணு விடாம கண்டுபிடிச்சுட்டாருங்க. என்ன கூர்மையான கண்ணு அவருக்கு!"