ஆறு பேருக்கு ஒரு கோட்டு

என் நண்பன் பெரியசாமியின் பதவி உயர்வைக் கெடுத்தவன் நான்தான். அவன் விதி என்று ஊர் சொன்னது. இல்லை, நான்.

ஐம்பதுகளின் கடைசி. திருச்சியில் ஓர் அலுவலகத்தில் நாங்கள் ஆறு குமாஸ்தாக்கள். கோட்டு இல்லாமல் அதிகாரி அறைக்குள் நுழையக் கூடாது என்பது பழைய வழக்கம். ஆனால் அதற்குள் எல்லோரும் அரைக்கைச் சட்டைக்கு மாறிவிட்டோம். அதனால் ஆறு பேருக்கும் பொதுவாக ஒரு கறுப்புக் கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கூப்பிட்டால் மாட்டிக்கொண்டு போக வேண்டியது. (யார் வியர்வை என்று கேட்கக் கூடாது.)

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஸ்ரீரங்கத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, அந்தக் கோட்டை யாரிடமும் சொல்லாமல் எடுத்துப் போனேன். பத்து மணிக்குப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் பதினொன்றுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்கு. பெண்ணின் மாமா தாமதமாக வந்தார். அதற்குள் ராகுகாலம் பிடித்துவிட்டது. பன்னிரண்டு வரை யாரும் அசையவில்லை.

"சித்திரை வெயில், கோட்டைக் கழட்டிட்டுச் சௌகரியமா உட்காருங்கோ" என்றார் பெண்ணின் அப்பா.

கழுத்து மூடிய கோட்டுதானே என்று வெயிலுக்குப் பயந்து சட்டை போடாமல் வந்திருந்தேன். உள்ளே கிழிந்த பனியன் மட்டும்தான்.

"பரவாயில்லை மாமா, பழக்கம்" என்றேன். ஆறாக வியர்த்தது. "என்ன மரியாதை பாருங்கோ!" என்று அவர் உருகினார். சம்பந்தம் முடிவாகிவிட்டது.

அதே நேரம் புது அதிகாரி பெரியசாமியைக் கூப்பிட்டிருக்கிறார். வேலை நிரந்தரத்துக்கான பேட்டி. ஆணி காலி. தவித்துப்போன பெரியசாமி, பியூனின் பித்தளைப் பொத்தான் கோட்டை மாட்டிக்கொண்டு நுழைந்தான்.

"தண்ணி கொண்டாப்பா" என்றார் அதிகாரி, நிமிராமலே. கொண்டுவந்து வைத்தான்.

"பெரியசாமியை வரச் சொல்லு."

"நான்தான் சார்."

அவர் நிமிர்ந்தார். "என்னய்யா, கிண்டலா? அடுத்த மாசம் பார்க்கலாம், போ."

திங்கட்கிழமை நான் வெறும் சட்டையோடு அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இனிமே எவனும் கோட்டு போட வேண்டாம்" என்றார். ஆனால் அடுத்த மாதத்துக்கென்று திருப்பிய பெரியசாமியின் ஃபைல் திருப்பியதுதான். அடுத்த வாரம் என் முறை வந்தது. சட்டையோடு போனேன். ஐந்தே நிமிடத்தில் நிரந்தரம்! எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்த பெரியசாமி, என்னைவிட மூன்று வாரம் ஜூனியராகிவிட்டான்.

என்னைக் கீழே இறக்கி அவனை மேலே ஏற்றும்படி மனு எழுதினேன். தன் பணிமூப்பைத் தானே குறைத்துக்கொள்ள விதியில்லை என்று பதில் வந்தது. அந்த மூன்று வார மூப்பிலேயே பதவி உயர்வு எனக்கு வந்து, நான் மேலாளர் ஆனேன். அவன் என் கீழேயே ஓய்வு பெற்றான். அவன் என் அறைக்குள் வரும்போதெல்லாம் நான் எழுந்து நிற்பேன். "உட்காருங்க சார், நாங்கள்லாம் ஜூனியர்" என்பான், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே.

இன்றும் இரண்டு குடும்பத்திலும் என் பெயர் 'சீனியர்'. கல்யாண வீடுகளில், "சீனியர் முதல்ல சாப்பிடட்டும்ப்பா, வழி விடுங்க" என்று பெரியசாமி பந்தி அதிரக் கத்துவான். அவன் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் நான் இலையில் உட்காருகிறேன்.