மாமனாரின் பாறையும் மாப்பிள்ளையின் ஜீப்பும்

"ஒன்பது" என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து, தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்தபடி.

"பத்தாது மாப்பிள்ளை. பதினொரு இன்ச் வேணும்" என்றார் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார். "வளைவுல ஒரு பாறை துருத்திக்கிட்டு நிக்குது. ஒன்பதோட போனா வண்டி வயித்தைக் கிழிச்சிடும்."

நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர் சொல்கிறார். எதிர்க்கேள்வி கேட்க முடியுமா? கடைக்காரர் கேட்கவில்லை.

மாமனாருக்கு மலைமேல் சொந்த வீடு. மழையில் பாதை அரித்துப்போய்விட்டது, சரியாகிற வரைக்கும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தார். வந்து நாலு மாதம் ஆகிறது. அவருக்கு முதுகுவலி என்பதால் கட்டில் அவருக்குப் போனது. மனைவி மகளின் அறைக்குப் போனாள். கடைக்காரருக்கு மிஞ்சியது ஹால் சோபா. இவர் ஆறடி, சோபா ஐந்தடி. காலையில் குளியலறை மாமனாருக்கு ஐம்பது நிமிடம். செய்தித்தாள், அவர் படித்து முடித்து, உள்பக்கம் வெளியே வந்த பிறகுதான் இவர் கைக்கு வரும்.

மாமனார் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

எனவே, குடும்பத்தோடு நாலு இடம் போக வர இருக்கட்டும் என்று மனைவியிடம் சொல்லி, கடைக்காரர் ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். அவருக்கு நாலு இடமும் வேண்டாம். ஒரே ஒரு தடவை மலையேறி, மாமனாரை இறக்கிவிட்டு வந்து, தன் கட்டிலில் காலை நீட்டிப் படுக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மெக்கானிக் ஜீப்பைக் குனிந்து பார்த்தார். எதைக் கேட்டாலும் 'தாராளமா' என்று ஆரம்பிக்கிற மனிதர்.

"ரெண்டு இன்ச் தூக்க முடியுமா?"

"தாராளமா. மூணு வழி இருக்கு சார். முழு லிஃப்ட் கிட் ஒண்ணு வரும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் ஒரே பெட்டியில. மாட்டிட்டு மறந்துடலாம்."

விலையைக் கேட்ட கடைக்காரர் ஜீப்பை ஒரு தடவை சுற்றி வந்தார். "அந்தக் காசுக்கு இன்னொரு ஜீப்பே வாங்கலாமே."

"தாராளமா. ரெண்டாவது, வேற வண்டியில கழட்டின பழைய ஸ்பிரிங். மூணாவது, இரும்புக் கட்டை. ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல சொருகி முறுக்கினா வண்டி எழும்பிடும். இருக்கறதுலயே மலிவு. ஆனா அது பின்பக்கத்துக்கு மட்டும்தான். முன்பக்கம் வெச்சா ஸ்டீயரிங் பேச்சு கேக்காது."

"அப்ப பின்பக்கம் மட்டும் வைங்க."

கடைக்கு வருகிறவர்களிடம், "மலிவா ஃபிரேம் வாங்கினா மூக்குதான் சார் புண்ணாகும்" என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் இவர்தான்.

கட்டை வைத்து வந்த ஜீப், கீழே விழுந்த சில்லறையைத் தேடுவதுபோல் மூக்கைத் தரையில் வைத்து நின்றது. மனைவியை ஏற்றிக்கொண்டு தெருமுனை வரை போனார். முதல் பிரேக்கிலேயே அவளுடைய கைப்பை முன்கண்ணாடியில் மோதியது. பின்னாலேயே அவளும் போனாள்.

"இது ஜீப்பா, சறுக்குமரமா? எங்கப்பாவை இதுலயா கூட்டிட்டுப் போகப் போறீங்க?"

"அவருக்கு வீட்டு ஞாபகமா இருக்காதா, பாவம்."

"அவரு ஒண்ணும் சொல்லலையே. உங்களுக்குத்தான் இருக்கு."

மாமனார் டேப்போடு வந்தார். பின்னால் அளந்தார், பதினொன்று. முன்னால் அளந்தார், ஒன்பது.

"பாறை முன்னாடிதானே மாப்பிள்ளை வரும்?"

நியாயமான கேள்வி. கடைக்காரர் மறுபடி மெக்கானிக்கிடம் போனார். சரக்கு வண்டி ஒன்றில் கழற்றிய ஸ்பிரிங் முன்பக்கத்துக்குக் கிடைத்தது. ஸ்பிரிங் என்று பேர்தான். ஒரு டன் பாரத்தைச் சுமந்து பழகிய அந்த இரும்பு, கடைக்காரரின் அறுபத்தெட்டு கிலோவை மதிக்கவே இல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது மூக்குக்கண்ணாடி பின்சீட்டில் போய் விழுந்தது. கண்ணாடி இல்லாமல் கண்ணாடியைத் தேடியதில், பின்னால் ஹாரன் அடித்தவர்கள் என்னென்னமோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால் உயரம் பதினொன்றரை. மார்பை நிமிர்த்திக்கொண்டு மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மாமனார் வானத்தைப் பார்த்தார். "நேத்து மலைப்பக்கம் நல்ல மழையாம். மண்ணு கரைஞ்சா பாறை இன்னும் வெளிய தெரியும். பன்னெண்டுன்னு வெச்சுக்கிட்டாத்தான் நிம்மதி."

பெரிய டயர் போட்டார்கள். அதுவும் பழசுதான். டயர் மட்கார்டில் உரசியது. மட்கார்டை வெட்டினார்கள். பன்னிரண்டே கால் அங்குலம் வந்தது. இப்போது ஜீப் வீட்டு ஷெட்டுக்குள் நுழைய மறுத்தது. ஷெட்டுக் கூரையின் முன்தகடு ஒன்றைக் கழற்றினார்கள். அன்று சாயங்காலமே மழை பெய்து, சீட் முழுக்கத் தண்ணீர்.

"இந்த ஞாயித்துக்கிழமை கிளம்பிடலாம் மாமா."

"நான் ரெடி மாப்பிள்ளை" என்று மாமனார் ஜீப்பருகே வந்து, ஒரு காலைத் தூக்கிப் பார்த்து, அதே இடத்தில் இறக்கி வைத்தார். "முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குதே. ஒரு படி வெச்சா ஏறிடுவேன்."

மெக்கானிக் தாராளமாக ஒரு இரும்புப் படியைக் கதவுக்குக் கீழே பற்றவைத்தார். மாமனார் அழகாக ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். கடைசியாக இறங்கி, டேப்பை எடுத்துப் படிக்கும் தரைக்கும் நடுவே அளந்தார்.

"ஒன்பது" என்றார்.

மெக்கானிக்கும் குனிந்து பார்த்தார்.

"படியைக் கொஞ்சம் ஏத்தி வெச்சா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"தாராளமா வெக்கலாம் சார். ஆனா ஐயா கால் எட்டாது."

மூன்று தடவை மலிவாகச் செய்ததில் முழு லிஃப்ட் கிட்டின் விலை தாண்டிப் போயிருந்தது. கடைக்காரருக்கு அழுகை வந்தது. அழவில்லை. படியை அறுத்து எறியச் சொல்லிவிட்டு, கடையில் மேல்தட்டுக் கண்ணாடிகளை எடுக்க வைத்திருந்த ஸ்டூலைத் தூக்கிவந்து ஜீப்பில் போட்டார். "இதுல ஏறுங்க மாமா. இறங்கறப்பவும் இதையே போடறேன். ஞாயித்துக்கிழமை கிளம்பறோம்."

மாமனாருக்கு அதற்குமேல் சாக்கு கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை மாமனார் ஒரு சின்னக் கைப்பையோடு வந்து நின்றார். கடைக்காரர் உள்ளே போய்ப் பெரிய பெட்டியைத் தானே தூக்கிவந்து ஏற்றினார்.

"பெட்டி எதுக்கு மாப்பிள்ளை?"

"உங்க துணிமணி மாமா."

"ராத்திரி சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் வந்துடுவீங்க இல்ல?" என்று கேட்டாள் மனைவி. ஏதோ வாய் தவறிச் சொல்கிறாள் என்று கடைக்காரர் வண்டியை எடுத்தார்.

மலைப்பாதை மோசம்தான். ஒவ்வொரு குழியிலும் இரண்டு பேரும் சீட்டை விட்டு எழும்பி, சேர்ந்தே உட்கார்ந்தார்கள். பாதி வழியில் மாமனார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மேல சாயங்காலம் ஆச்சுன்னா பேச ஆள் கிடையாது மாப்பிள்ளை. டிவி மட்டும்தான் பேசும். நாம பதில் சொன்னா அதுக்குக் கேக்காது."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. வண்டியைத் திருப்பிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த குழியில் முதுகு வலித்ததும் சோபா ஞாபகம் வந்தது. திருப்பவில்லை.

வளைவு வந்தது. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். செருப்பு உயரத்துக்கு ஒரு கல் கிடந்தது. வேறொன்றும் இல்லை.

"அந்தப் பாறை எங்க மாமா?"

"மழையில உருண்டு போயிருக்கும்."

"நீங்க சொன்ன பாறையா? அவ்வளவு பெருசா?"

"அதான் மாப்பிள்ளை, பெருசா இருந்தா சீக்கிரம் உருண்டுடும்."

கடைக்காரர் அந்தக் கல்லைக் காலால் தள்ளிவிட்டு வந்து ஏறினார். எப்படியோ வந்தாகிவிட்டது, இன்னும் கால் மணி நேரம், அப்புறம் கட்டில் நம்முடையது என்று தேற்றிக்கொண்டார். மேலே போய் வீட்டு வாசலில் நிறுத்தியதும், ஸ்டூலைப் போட்டு, மாமனாரைக் கைகொடுத்து இறக்கினார். பெட்டியையும் இறக்கி வைத்தார். நாலு மாதத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக ஒரு பாரத்தைத் தூக்கியதில்லை.

நிமிர்ந்து பார்த்தால், வாசலில் கொடி கட்டியிருந்தது. கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஜன்னலுக்குப் புதுத் திரை.

"மாமா, உள்ள யாரோ பூந்துட்டாங்க போலிருக்கே. நீங்க இங்கயே இருங்க, நான் பாக்கறேன்."

மாமனார் முன்டயரை ரொம்ப அக்கறையாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வெளியே வந்தாள்.

"யாரும்மா நீ? பூட்டிக் கிடந்த வீட்டுல என்ன பண்றே?" என்று கடைக்காரர் அதட்டினார்.

அவள் அவரைச் சட்டை செய்யவில்லை. அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"வாங்கய்யா, வீட்டை எங்களுக்கு வித்தப்ப ரெண்டாவது சாவியை அப்புறம் தர்றேன்னீங்களே, அதுக்காகவா பாவம் இவ்வளவு தூரம் வந்தீங்க?"