ஹாலுக்காக ஒரு விரதம்

இந்த வருடம் தைப்பூசத்துக்கு விரதம் இருக்கப்போவதாகச் சுகுமாறன் அறிவித்தபோது மாதவி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். கல்லில் கிடந்த தோசையை அப்படியே மறந்து கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து விரதம் என்ற சொல்லை அவள் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை சைவம் என்றால்கூட, முட்டை சைவமா அசைவமா என்று வாதாடி ஜெயித்து, ஜெயித்த கையோடு ஆம்லெட் கேட்கிற ஆசாமி அவர்.

"முழு மண்டலமும் இருக்கலாம்னு பாக்குறேன் மாதவி. ஒரு வேளைச் சாப்பாடு, தரையில படுக்கை. மனசு என்னமோ சாமியையே நினைக்குது," என்றார்.

மனசு நினைத்தது சாமியை அல்ல, போல்டரை.

போல்டர் ஒரு சூப்பர் ஹீரோ. இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர் என்று ஊரையே இடித்துத் தள்ளிக்கொண்டு மோதுகிற வீடியோ கேமில், கருங்கல் உடம்பும் கதவளவு கேடயமுமாக முன்னால் நிற்கிறவன். அணியில் ஒருத்தன் பறப்பான், ஒருத்தி நெருப்பைக் கக்குவாள், ஒருத்தி அடிபட்டவர்களுக்குத் திரும்ப உயிர் ஊட்டுவாள். போல்டருக்கு அந்த ஜம்பமெல்லாம் கிடையாது. வருகிற அடியை எல்லாம் கேடயத்தில் வாங்கிக்கொண்டு தன் ஆட்களைப் பின்னால் வைத்துக் காப்பாற்றுவதுதான் அவன் வேலை.

கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவான சுகுமாறன், வீட்டில் மாதவியின் புருவம் சற்றே உயர்ந்தாலும் பேச்சை மாற்றிவிடுகிறவர். ஆனால் இரவில் போல்டராகிவிட்டால் அவரை அசைக்க முடியாது. "எல்லாரும் என் பின்னால வாங்க, நான் இருக்கேன்ல" என்று அவர் மைக்கில் சொன்னால், சுங்கை பூலோவில் உட்கார்ந்திருக்கும் குருவும், பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்திருக்கும் லோஜினியும், இன்னும் மூன்று பேரும் மறுபேச்சில்லாமல் பின்னால் வருவார்கள். நேரில் ஒருநாளும் பார்த்ததில்லை. இருந்தாலும் இந்த உலகத்தில் அவர் சொல்லிக் கேட்கிறவர்கள் அந்த ஐந்து பேர்தான்.

சிக்கல் ஹாலில் இருந்தது. பெரிய டிவி ஹாலில்தான் இருக்கிறது. எட்டு மணிக்கு அது மாதவியின் நாடகங்களுக்குச் சொந்தம். பிள்ளைகள் பல்கலைக்கழக விடுதிக்குப் போனபிறகு ஹாலில் தனக்கும் பங்கு கிடைக்கும் என்று சுகுமாறன் நம்பினார். கிடைத்தது விளம்பர இடைவேளை மட்டும்தான். மாநிலக் கோப்பைப் போட்டியோ வருடா வருடம் தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில், அதே எட்டு மணிக்குத்தான் நடக்கும். அதற்கு சீசன் என்று பெயர். போன சீசனில் உயிர்போகிற கட்டத்தில் மாதவி வந்து சேனலை மாற்றினாள். கேடயத்தோடு நின்ற போல்டர் ஒரு மாமியார் மருமகள் சண்டைக்குள் மறைந்துபோனான். அணி அன்றைக்கே வெளியேறியது. குரு ஒரு வாரம் பேசவில்லை.

யோசித்து யோசித்துத்தான் சுகுமாறனுக்கு விரதம் பிடிபட்டது. விரதக்காரன் மனைவியை விட்டுத் தனியாகத் தரையில் படுக்க வேண்டும். அவன் இருக்கும் இடத்தில் சினிமாச் சத்தம், நாடகச் சத்தம் கூடாது. படுக்க இடம் என்று பார்த்தால், பிள்ளைகள் அறை சாமான்களால் அடைந்து கிடக்க, வீட்டில் ஹாலை விட்டால் வேறு இல்லை. இறுதி ஆட்டம் முடிந்த மறுநாளே ஆபீஸ் வேலையாக ஜொகூர் போகவேண்டியிருக்கிறது என்று சொல்லி விரதத்தையும் முடித்துக்கொள்ளலாம். திட்டத்தில் ஓர் ஓட்டை இல்லை என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

மாதவி அவரை நெடுநேரம் பார்த்தாள். முந்தின வருடம் அவர் டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்ததிலிருந்து அவ்வப்போது அப்படித்தான் பார்ப்பாள், எதையோ கேட்க வந்து விழுங்கிக்கொள்கிற மாதிரி.

"நெசமாவா சொல்றீங்க?"

"முருகன்மேல..." என்று தொடங்கிய சுகுமாறன், சத்தியத்தை அதோடு நிறுத்திக்கொண்டார்.

"அப்ப ஹால்லயே படுத்துக்குங்க. நான் மேல ரூம்ல போன்லயே நாடகம் பாத்துக்கிறேன். எட்டு மணிக்கு மேல கீழ இறங்கமாட்டேன், சரியா?"

கேட்காமலே ஹால் கைக்கு வந்துவிட்டது. போல்டராக இருந்திருந்தால் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பார். எதிரி தானாக வழிவிட்டால் உள்ளே கால் வைக்காதே என்று குருவுக்கு எத்தனையோ தடவை பாடம் எடுத்தவர் அவர். ஆனால் அப்போது அவர் வெறும் சுகுமாறன்தான்.

அன்றைக்கே தொடங்கிற்று ஆனந்தம். மாலையில் குளியல், நெற்றி நிறைய விபூதி, முருகன் படத்துக்கு ஒரு விளக்கு. எட்டு மணிக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஹெட்செட்டை மாட்டினால் அப்புறம் அவருக்கு வீட்டுச் சத்தம் எதுவுமே கேட்காது. தனக்குக் கேட்காதது யாருக்கும் கேட்காது என்று மனதார நம்பினார். காலையில் மாதவி, தொண்டை கம்மியிருக்கிறதே என்பாள். மந்திரம் கொஞ்சம் கூடிப்போச்சு என்பார். அவளும் தொண்டைக்கு இதமாகச் சுக்குக் காபி போட்டுக் கொடுப்பாள். அணி ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துக்கொண்டே வந்தது.

வயிறுதான் எதிர்க்கட்சி ஆனது. ஒரு வேளைச் சோறும் சாம்பாரும் என்பது சொல்லும்போது இருந்ததைவிட உள்ளே போகும்போது மிகவும் சிறியதாக இருந்தது. ஒருநாள் ஆபீஸ் விட்டு வரும்போது யாரும் பார்க்காமல் மாமாக் கடை என்கிற முனைச் சாப்பாட்டுக் கடையில் நுழைந்து முட்டை ரொட்டி கேட்டார். கடைக்காரர் எழுந்து நின்று கையைக் குவித்தார்.

"சாமி, அக்கா வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க. முட்டை போடமாட்டேன். பாவம் எனக்கு வேணாம்," என்று சொல்லி ஒரு வாழைப்பழத்தைக் கையில் வைத்தார். காசும் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு பார்த்தால், அவர்கள் குடியிருப்பான தாமான் முழுக்க அவருக்குச் சாமி என்று பெயர் விழுந்திருந்தது. மாதவி ஒரு வீடு விடாமல் சொல்லியிருந்தாள். சுகுமாறனைத் தெருவில் பார்த்து ஒதுங்கிப் போகிறவர்கள் இப்போது நின்று பிள்ளைகளுக்கு விபூதி பூசச் சொன்னார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இல்லாமல் இல்லை.

பெருமை தம்புசாமி வரும்வரை நீடித்தது. தம்புசாமி மாதவியின் அண்ணன். வருடம் தவறாமல் பத்துமலைக்குக் காவடி எடுத்து, உடம்பில் அலகு குத்தாத இடம் குறைவு என்று சொல்லத்தக்கவர். வந்ததும் வராததுமாக அளவு நாடாவை எடுத்துச் சுகுமாறனின் தோளை அளந்தார்.

"மச்சான், நான் ஏதோ ஒரு சின்னப் பால்குடம்..."

"ஒரு மண்டலம் இருந்துட்டுச் சின்னப் பால்குடமா? காவடி, சாமி," என்றார் தம்புசாமி. பிறகு முதுகுச் சதையை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். "தோல் நல்ல தோல். அலகு வலிக்காம ஏறும்."

சுகுமாறன் சட்டையை இழுத்து முதுகை மூடிக்கொண்டார். நல்லவேளையாக மாதவி குறுக்கே வந்து, முதல் வருஷம் அலகு வேணாம்ணே, தோள் காவடி போதும், மொட்டை போட்டுக்கட்டும் என்று முடித்துவைத்தாள். முடி போனால் வளரும். முதுகு தப்பியதே பெரிது என்று அவள் முகத்தை நன்றியோடு பார்த்தார்.

எப்படியும் ஜொகூர் இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தவரிடம், ஆபீஸில் மேனேஜரே வந்து கை கொடுத்தார். மாதவி போன் செய்து விஷயத்தைச் சொல்லியிருந்தாளாம். வெளியூர் வேலை எதுவும் கிடையாது, ஒரு வாரம் லீவு, துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட சரக்குக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகட்டும், கோப்பையாவது மிஞ்சும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அரையிறுதியில் ஜெயித்தாகிவிட்டது, சனிக்கிழமை இறுதி ஆட்டம். வெள்ளி மாலை குளித்துவிட்டு வந்து, பயிற்சிக்கு ஹெட்செட்டை மாட்டினார். வழக்கமான கூச்சல் இல்லை. யாரோ தொண்டையைச் செருமுவது மட்டும் கேட்டது.

"சாமி," என்றான் குரு.

சுகுமாறன் மைக்கை வாய்ப்பக்கம் இழுத்தார்.

"என்னடா, நீயும் சாமிங்கிற?"

"நீங்க குளிக்கும்போது போன் பண்ணேன்ணே. அக்காதான் எடுத்தாங்க. நீங்க காவடி விரதம்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. விரதத்துல இருக்கிறவரை உட்கார வச்சு தெனம் அடிதடி ஆடியிருக்கோம். பாவம் எங்களுக்குத்தான்லா."

"குரு, நாளைக்கு ஃபைனல்டா."

"விலகிட்டோம்ணே. லோஜினி மெயில் போட்டுட்டா."

"வேற ஒரு ஆளைச் சேத்துக்கிட்டு ஆடுங்களேன். எனக்காக ஏன்?"

"ஒருத்தனை விட்டுட்டு டீம் முன்னால போகக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க," என்றான் குரு. "நாங்க அஞ்சு பேரும் இன்னியிலேருந்து சைவம். தைப்பூசத்துக்கு உங்க பின்னாலதான் வர்றோம். அக்கா டீ-ஷர்ட் சைஸ் கேட்டாங்க, குடுத்துட்டோம்."

சுகுமாறன் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். கோப்பை போன துக்கம் பாதி, வெட்கம் பாதி. அவர் சொன்ன பொய்யை நம்பி ஐந்து பிள்ளைகள் கைக்கு வந்த கோப்பையை விட்டெறிந்துவிட்டார்கள். இதற்கு மேல் தாங்காது, மாதவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம் என்று மாடி ஏறினார். அவள் கட்டிலில் உட்கார்ந்து காவடிக்கு மஞ்சள் துணி தைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களை நினைச்சா பெருமையா இருக்குங்க," என்றாள்.

இப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாயால் அவர் கேட்டதே இல்லை. வந்த விஷயத்தை விழுங்கிவிட்டு, ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டு இறங்கிவந்தார்.

தைப்பூசத்தன்று காலை பத்துமலை ஆற்றங்கரையில் தம்புசாமி காவடியைத் தூக்கிச் சுகுமாறனின் தோளில் வைத்தார். உறுமி மேளம் முழங்கிற்று. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு சுகுமாறன் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் மஞ்சள் டீ-ஷர்ட் போட்டிருந்தார்கள். எல்லா நெஞ்சிலும் அவருடைய அடையாள அட்டைப் படம் முழித்துக்கொண்டிருந்தது. குரு அவர் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தான். லோஜினி கையில் ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு, வழியெல்லாம் அவர் காலில் ஊற்றி, கேமில் செய்த உயிர் ஊட்டுகிற வேலையை இங்கேயும் செய்துகொண்டு வந்தாள்.

படிக்கட்டு வரை எப்படியோ வந்துவிட்டார். படி ஏறத் தொடங்கியபின்தான் ஒரு வேளைச் சோறு கணக்குக் கேட்டது. பாதிக்கு மேல் தொடை நடுங்கியது, காவடி ஒரு பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான், விழப்போகிறோம், படம் போட்ட அத்தனை பேர் மேலும் விழப்போகிறோம் என்று கண்ணை மூடினார். அப்போது காதருகே மாதவியின் குரல் கேட்டது.

"கேடயத்தைத் தாழ்த்தாதீங்க. நாங்க எல்லாம் உங்க பின்னாலதான் நிக்கிறோம். போல்டர் விழமாட்டான்."

அந்தப் பெயரை அவர் மாதவியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அதிர்ச்சியில் கால் தானாக மேலே நாலு படி ஏறியது. பின்னால் குருவும் மற்றவர்களும் வேல் வேல் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். முன்னால் நிற்பது என்றால் என்ன என்று சுகுமாறனுக்கு அப்போதுதான் உண்மையாகவே தெரிந்தது. முருகா என்று கூப்பிட்டார். அந்த மண்டலம் முழுவதிலும் மனசாரக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். நெஞ்சு நிறைந்துபோய், மீதிப் படிகளை எப்படி ஏறினார் என்றே அவருக்குத் தெரியவில்லை.

மேலே காவடியை இறக்கிவைத்து, பாலை அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு, குகைச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தார். மாதவி பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குக் கால் பிடித்துவிட்டாள்.

"எப்பத்துலேருந்து தெரியும்?" என்று கேட்டார்.

"மொத நாள்லேருந்து. காதை மூடிக்கிட்டது நீங்க மட்டுந்தான். எதிர்வீட்டு ஆன்டி என்னைப் பாக்குறப்பல்லாம், போல்டருக்கு ஃபைனல் என்னைக்குன்னு கேப்பாங்க."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

மாதவி கால் பிடிப்பதை நிறுத்தினாள். பிறகு, அவர் டெங்கியில் நினைவில்லாமல் கிடந்த ராத்திரி, பிழைத்து எழுந்தால் அவரையே காவடி எடுக்க வைப்பதாக வேண்டிக்கொண்டதைச் சொன்னாள். முட்டைக்கு வாதாடுகிற மனுஷனிடம் இதை எப்படிக் கேட்பது என்று ஒரு வருடமாகத் தவித்ததையும் சொன்னாள். "நீங்களா வந்து விரதம்னீங்க. கேமுக்குத்தான்னு தெரிஞ்சுது. வந்ததை விடுவேனா?"

சுகுமாறனுக்குக் கோபம் வரவில்லை. கண்தான் கலங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தனக்காக ஒருத்தி இப்படித் தவித்திருக்கிறாள் என்ற எண்ணமே இனித்தது. கீழே குருவும் மற்றவர்களும் தண்ணீர்ப் பந்தலில் காத்திருக்கிறார்கள். இந்த வருடக் கோப்பை போனால் போகிறது, இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த கோப்பையை வாங்கிக் கொடுத்தே தீருவது என்று அங்கேயே முடிவு செய்தார்.

"சரி, உன் வேண்டுதலும் நல்லபடியா தீந்துச்சு. அடுத்த சீசனுக்கு ஹாலை மட்டும் எனக்கு விட்டுக்குடு, போதும்," என்றார்.

மாதவி அவர் மொட்டையில் வழிந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"எங்கங்க தீந்துச்சு? மூணு வருஷம்னு வேண்டியிருக்கேன். இது சீசன் ஒன்னுதான்."